தரங்கம்பாடி போய் வந்தவன்

கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள் கூடி, ஒரு கடற்கரை ஊரின் பெயருக்குத் தீர்ப்புச் சொன்ன கூத்து எங்கள் மலைமேல் அரியூர் நாட்டில்தான் நடந்தது. அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி.

செங்கோடனுக்குப் பாவாயி மேல் ஆசை. அவளிடம் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ள, தரங்கம்பாடியில் ஆறு மாதம் இருந்து வந்ததாக அளந்துவிட்டான். உண்மையில் அவன் மலையிறங்கிப் போனது அடிவாரத்துப் புளியஞ்சோலை வரைதான். மற்றதெல்லாம் அங்கே வந்த கருவாட்டுக்காரன் சொன்ன கதை.

அதே பாவாயியைப் பெண் கேட்டிருந்த குப்புசாமிக்கு வயிறு எரிந்தது. அவன் ஒரு துரைக்கு மூட்டை தூக்குகிறவன். "தொரை அந்த ஊர டிராங்குபார்னுதானுங்க சொல்றாரு. இவனுக்குப் பேரே தெரியல. போகவே இல்லீங்க" என்று கோள் மூட்டினான்.

"பொய்யனுக்கு எம்புள்ளயக் குடுக்க மாட்டேன்" என்று பாவாயியின் தகப்பன் அர்த்தனாரி குதித்தார். விஷயம் ஊர்க்கூட்டத்துக்குப் போனது.

செங்கோடன் எழுந்து நின்றான். "தரங்கம்னா அலைங்க. அலை பாடற ஊருங்க, அதனால தரங்கம்பாடி. நம்ம பேரு எதுங்க வெள்ளைக்காரன் வாயில முழுசா நொழைஞ்சிருக்குது?" என்றவன், அலை எப்படிப் பாடும் என்று பாடியே காட்டினான். கூட்டம் சொக்கிப்போனது.

"இவன் போயிட்டு வந்தவந்தான்" என்று நாட்டுத் தலைவரான பட்டக்காரர் தீர்ப்புச் சொன்னார். அர்த்தனாரியின் முகம் மலர்ந்தது. அப்போதுதான் பட்டக்காரர் அன்பாக ஒன்று கேட்டார்.

"ஆறு மாசமும் யாரூட்டுல சோறு தின்னே, கண்ணு?"

மலையிறங்கி அயலார் ஆக்கியதைத் தின்றவனைச் சாதியை விட்டுத் தள்ளுவது எங்கள் வழக்கம். அவனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். பேச்சு மும்முரத்தில் அந்தப் பாவிக்கு அது மறந்தே போயிருந்தது.

"சாமி, நான் போகவே இல்லீங்க! எல்லாம் பொய்யுங்க!" என்று காலில் விழுந்தான்.

"கூட்டம் சொன்னது சொன்னதுதான். நீ போனவன்."

"போனானுங்க, நானே கண்ணால பாத்தேன்" என்றான் குப்புசாமி, கூசாமல். உண்மை பேசுகிற பிள்ளை என்று அவனுக்கே பாவாயியைப் பேசி முடித்தார் அர்த்தனாரி.

கூட்டம் கலைந்ததும் பாவாயி செங்கோடனிடம் வந்து அழுதாள். "பொய்யனாவே இருந்திருந்தா எங்கய்யன் ரெண்டு வருசத்துல மறந்திருப்பாரு. ஊரே நம்பற மாதிரியா பேசுவே?"