கதவு திறந்த பிறகு

வியாழக்கிழமை எட்டரை மணி ஆகிவிட்டால் தேசப்பன் வீட்டில் யாரும் டிவிக்குக் குறுக்கே நடக்கக் கூடாது. அது போலீஸ் தொடர் வருகிற நேரம். கவரைப்பேட்டையில் லோடு ஆட்டோ ஓட்டும் தேசப்பன், அன்றைக்கு மட்டும் யார் கூப்பிட்டாலும் போகமாட்டான். குளித்து லுங்கி மாற்றிக்கொண்டு முன்னால் உட்கார்ந்துவிடுவான். பக்கத்தில் எட்டாவது படிக்கும் மகள் சோனியா. வாசல் ஓரமாக மனைவி சந்திரகலா.

தொடரின் நாயகி இன்ஸ்பெக்டர் செந்தாமரை. அவளுக்கு வராத ஆபத்து கிடையாது. ஒரு வாரம் கிணற்றில் தள்ளுவார்கள். இன்னொரு வாரம் தோளில் குண்டு பாயும். ஒரு முறை அவளோடு வேலை பார்த்த ஏட்டையாவை அவள் கண்ணெதிரிலேயே வெட்டிப் போட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை கஞ்சி போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஜீப்பிலிருந்து குதிப்பாள்.

"போன வாரம் கெணத்துல கெடந்தா. இப்ப பாரு, ஜம்முனு வந்து நிக்கிறா. பொம்பளன்னா இப்டி இருக்கணும்," என்பான் தேசப்பன். டிவியைப் பார்த்துத்தான் சொல்வான். யாருக்குச் சொல்கிறான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சந்திரகலா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவளுக்கு நடந்தது 2003ஆம் வருஷம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், வார்ப்பட உதிரிகள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் அவள் ஸ்டோர் வேலை பார்த்துவந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் சங்கு ஊதி எல்லோரும் கிளம்பிய நேரம், சாமான்களைச் சரிபார்க்கப் பின்பக்கம் போனவள், இரண்டு பேர் பித்தளை புஷ் உதிரிகளை மூட்டை கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள். காண்ட்ராக்டில் வந்த ஆட்கள். ஒருவன் அவள் வாயைப் பொத்தினான். மற்றவன் எண்ணெய் பீப்பாய்கள் அடுக்கியிருந்த அறைக்குள் அவளைத் தள்ளி வெளியே பூட்டினான். மறுநாள் விடுமுறை. திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு சூப்பர்வைசர் துளசிராமன் வந்து பூட்டை உடைக்கும் வரை அவள் உள்ளேதான் இருந்தாள்.

பதினோராவது நாள் வேலைக்குப் போய்விட்டாள். மேனேஜர் அவளை இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுக்கு மாற்றிக் கொடுத்தார். கேட்டுக்குப் பக்கத்தில், நல்ல வெளிச்சமான இடம். 'பரவாயில்ல, கலா தைரியசாலி' என்று எல்லோரும் சொன்னார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவளுக்குத்தான் முடியவில்லை. குளிக்கும்போது தாழ்ப்பாள் போடமாட்டாள். கதவிடுக்கில் ஒரு செருப்பைச் செருகி வைப்பாள். மிளகாய் வறுக்கிற நெடியிலும் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்ளமாட்டாள், இருமிக்கொண்டே வறுப்பாள். பெட்ரோல் பங்கில் வண்டி நின்றால் இறங்கிப் போய் ரோட்டோரம் நின்றுகொள்வாள். இதையெல்லாம் பார்த்து தேசப்பனுக்கு எரிச்சல் வரும். எரிச்சலுக்குக் கீழே வேறொன்று இருந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

2006 மே மாதம், அவள் தொழிற்சாலைக்கு அடுத்த காம்பவுண்டில் மூடிக் கிடந்த எண்ணெய் ஆலைக்கு அந்தப் போலீஸ் தொடரின் படப்பிடிப்புக் குழு வந்து இறங்கியது. சிப்காட் முழுக்க அதே பேச்சு. நாற்காலியும் சாமியானாவும் ஏற்றிவர தேசப்பனின் ஆட்டோவைத்தான் பேசியிருந்தார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாம் நாள், கூட்டத்தில் நிற்கத் தொழிலாளிப் பெண்கள் நாலைந்து பேர் வேண்டுமென்று கேட்டு ஆள் வந்தது. துளசிராமன் சாப்பாட்டு நேரத்தில் சிலரை அனுப்பிவைத்தார். சந்திரகலா போக விரும்பவில்லை. "அட, சும்மா நிக்கப் போற. செந்தாமரைய பக்கத்துல பாக்கலாம் வா," என்று மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்குத் துணையாகத் துளசிராமனும் வந்தார்.

அன்றைய காட்சியை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டாள். கடத்தல்காரர்கள் செந்தாமரையை இரண்டு நாளாக ஒரு கிடங்கில் அடைத்து வைத்திருக்கிறார்கள். போலீஸ்காரர்கள் கதவை உடைக்கிறார்கள். செந்தாமரை வெளியே வருகிறாள், சட்டையிலிருக்கும் தூசியைத் தட்டுகிறாள், "ரெண்டு நாள் லீவு முடிஞ்சுது, இனிமே டூட்டி" என்கிறாள், துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஓடுகிறாள்.

ஒத்திகை நடந்தது. கதவு பெரிய சத்தத்தோடு விழுந்தது. செந்தாமரை வெளியே வந்து தூசியைத் தட்டினாள்.

"இல்ல," என்றாள் சந்திரகலா.

தன் வாயிலிருந்துதான் வந்தது என்று அவளுக்கே முதலில் தெரியவில்லை. உதவி இயக்குநர் ஒருவன் திரும்பி, "யார்ம்மா அது பேசறது?" என்று கத்தினான். பக்கத்திலிருந்தவர்கள் அவளை விட்டு நகர்ந்தார்கள்.

செந்தாமரையாக நடித்த பெண்ணின் பெயர் நௌஷீன். முப்பது வயதிருக்கும். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே கிட்ட வந்தாள். "இன்னாக்கா, தப்பா இருக்குதா?"

தன் ஊர்ப்பக்கத்துப் பேச்சான அந்த 'இன்னா'வைக் கேட்டதும் சந்திரகலா நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கம்மா ஊரு பழவேற்காடுதான்," என்றாள் நௌஷீன். "சும்மா சொல்லுங்க."

"அப்டி வர முடியாதும்மா."

"எப்டி?"

"கதவத் தொறந்ததும் வெளிச்சம் வந்து மூஞ்சில அடிக்கும். கண்ணு தெரியாது. காலு இருக்குதான்னே தெரியாது. வந்தது யாருன்னு உனக்குத் தெரியாது இல்ல? அவனுங்கதான் திரும்பி வந்துட்டானுங்கன்னு நெனச்சிக்குவ. வெளிய வரத் தோணாது. உள்ளதான் போவ. நான் பீப்பாய்க்குப் பின்னால போய் பூந்துக்கினேன். பேரு சொல்லிக் கூப்டாங்க. என் பேருதான்னு தெரியல. கையப் புடிச்சி இழுத்தாங்க, கடிச்சிட்டேன்."

துளசிராமன் தன் வலது கையை மெதுவாகப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"மூணு வருசம் ஆச்சு," என்றாள் சந்திரகலா. "வந்த மறுவாரமே சரியாயிட்டேன்னு எல்லாருமே சொன்னாங்க. நானும் ஆமான்னேன். வேற இன்னா சொல்றது?"

அப்போதுதான் அவள் தேசப்பனைப் பார்த்தாள். பத்தடி தள்ளி, அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தோளில் சுமந்தபடி நின்றிருந்தான். இறக்கி வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றிருந்தான்.

நௌஷீன் இயக்குநரிடம் போய்ப் பேசினாள். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார். "அந்தம்மா சொல்றது நெஜம்தான். ஆனா நமக்கு இருக்கறது இருபத்திரண்டு நிமிஷம். இந்த வாரம் நீ உள்ளே போய் உட்கார்ந்துட்டா, அடுத்த வாரம் உன்னை யார் வெளியே கொண்டு வர்றது? அடுத்த வாரம் புதுசா பார்க்க உட்கார்றவனுக்கு இதெல்லாம் தெரியாதே."

"ஒரு டேக் சார். ஒண்ணே ஒண்ணு."

எடுத்தார்கள். கதவு விழுந்தது. நௌஷீன் வெளியே வரவில்லை. வெளிச்சம் பட்டதும் முகத்தை முழங்கையால் மறைத்து, பிட்டத்தாலேயே பின்னால் நகர்ந்து நகர்ந்து, சுவரில் முதுகு முட்டிய பிறகும் நகரப் பார்த்தாள். சந்திரகலாவோடு வந்த பெண்களில் ஒருத்தி அழுதுவிட்டாள். பிறகு, எழுதியிருந்தபடி இன்னொரு தடவையும் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் தேசப்பன் அவளை ஆட்டோவிலேயே கூட்டிவந்தான். கவரைப்பேட்டை ரயில்வே கேட் போட்டிருந்தது. எஞ்சினை அணைத்தான்.

"அன்னிக்கு நீ ஆரணிக்கு உங்கம்மா ஊட்டுக்குப் போயிருப்பேன்னு நெனச்சேன்," என்றான், முன்னால் பார்த்தபடி. "காலைல சண்டை போட்டோமே. போவட்டும், ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டும்னு விட்டுட்டேன். ஞாயித்துக்கெழமை சாயங்காலம்தான் போய்ப் பாத்தேன். அங்க நீ இல்லன்னதும்தான் போலீஸுக்கு ஓடினேன்."

"தெரியும். அம்மா சொல்லிச்சு."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீ ஏன் சொல்லல?" சந்திரகலாவின் குரல் உயர்ந்தது. "மூணு வருசமா அந்தப் பொம்பளயக் காட்டிக் காட்டிப் பேசினியே. நான் அங்க, இதோ வருவான், இதோ வந்துடுவான்னு கதவையே பாத்துகினு கெடந்தேன். நீ இங்க கோவிச்சுகினு சாப்ட்டுட்டுத் தூங்கிகினு இருந்த."

கேட் திறந்தது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. தேசப்பனால் சாவியைத் திருப்ப முடியவில்லை. லாரிக்காரன் இறங்கி வந்து திட்டிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. வீட்டில் மூன்று நாள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்தப் பகுதி ஒளிபரப்பானது. அண்டை வீட்டுக் கெங்கம்மாள், அவள் மருமகள், தெருப்பிள்ளைகள் என்று வீடு நிறைந்துவிட்டது. கூட்டத்தில் சந்திரகலாவின் முகம் ஒரு நொடி வந்துபோனது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கதவு உடைந்தது. செந்தாமரை வெளியே வந்து தூசியைத் தட்டினாள். "ரெண்டு நாள் லீவு முடிஞ்சுது," என்றாள். ஓடினாள்.

"யம்மா, நீ சொன்னது வரலியே," என்றாள் சோனியா.

"வராது. அதான் அப்பவே சொன்னாங்களே."

அடுத்த வியாழக்கிழமை செந்தாமரை தங்கை கல்யாணத்தில் பட்டுப்புடவையோடு சிரித்துக்கொண்டு நின்றாள். ஜரிகை மினுங்கியது. தேசப்பன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இன்னா இவ, ஒண்ணுமே ஆவாத மாதிரி நிக்கிறா?" என்றான்.

எழுந்து வெளியே போய் ஆட்டோவைத் துடைக்க ஆரம்பித்தான்.

ஆடி மாதத்தில் ஒரு கான்ஸ்டபிள் சம்மன் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று வருஷமாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்த வழக்கு, பொன்னேரி கோர்ட்டில் சாட்சி விசாரணைக்கு வந்திருந்தது. சந்திரகலா இரண்டு நாள் அதை மடித்து அலமாரியில் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் தேசப்பனிடம் நீட்டினாள்.

"போவியா?" என்று கேட்டான்.

"போவணும்."

"நானும் வரேன்."

கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டில் ஒருவன்தான் நின்றான். அவள் வாயைப் பொத்தியவன். மற்றவன் தலைமறைவாகிவிட்டானாம். ஆள் இளைத்துப்போயிருந்தான். அவனைப் பார்த்ததும் சந்திரகலா சாட்சிக் கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார். "பதினோராவது நாளே வேலைக்குப் போயிட்டீங்க, இல்லையாம்மா?"

"ஆமா."

"ஆஸ்பத்திரியில தங்கி வைத்தியம் எதுவும் பார்க்கல?"

"இல்ல."

"துளசிராமன் போலீஸ்ல கொடுத்த வாக்குமூலத்துல, கதவைத் திறந்ததும் நீங்களே நடந்து வெளியே வந்ததா சொல்லியிருக்கார். ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம அடைஞ்சு கிடந்த ஒருத்தர் அப்படி நடந்து வர முடியுமா? ரெண்டு நாள் வேற எங்கயோ இருந்துட்டு அன்னிக்குக் காலையிலதான் நீங்க உள்ளே மாட்டிக்கிட்டீங்க, யாரும் உங்களை அடைக்கலன்னு நான் சொல்றேன்."

சந்திரகலா பின்வரிசையில் உட்கார்ந்திருந்த துளசிராமனைப் பார்த்தாள். அவர் தலை குனிந்திருந்தார்.

"அவர் எனக்காகப் பொய் சொன்னாருய்யா," என்றாள். "நான் நடந்து வரல. பீப்பாய்க்குப் பின்னால ஒளிஞ்சிகினு இருந்தேன். இழுத்தாங்க. அவர் கையக் கடிச்சேன். என் பாவாடையெல்லாம் நனஞ்சி நாறிப்போயிருந்துது. ஒரு பொம்பளய அந்தக் கோலத்துல வெளிய இழுத்து வந்தேன்னு போலீஸ்ல எழுதித் தர அவருக்கு மனசு வரல. அவர் கையில இன்னும் தழும்பு கீது. கேட்டுப் பாருங்க."

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாஜிஸ்திரேட் கையைக் காட்டி நிறுத்தினார். ஐம்பது வயதான பெண்மணி. "மெதுவா சொல்லுங்க. நீங்க சொல்றபடியே டைப் பண்ணச் சொல்றேன்," என்றார்.

சந்திரகலா சொன்னாள். டைப்ரைட்டர் ஒவ்வொரு வரியாக அவள் பின்னாலேயே வந்தது. கடைசியில் வக்கீல், "அப்ப பதினோராவது நாள் எப்படிம்மா வேலைக்குப் போனீங்க?" என்றார்.

"போவலன்னா அடுப்பு எரியாதுய்யா. அழுதுகினேதான் போனேன். பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்தா யாருக்கும் தெரியாது."

பிறகு துளசிராமனைக் கூண்டில் ஏற்றினார்கள். முன்னால் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு, கையை நீட்டிக் காட்டினார். எட்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. நின்றவனுக்கு மூன்று வருஷம். ஓடியவன் கடைசிவரை கிடைக்கவில்லை.

சாட்சி சொன்ன அன்று வெளியே வந்தபோது மத்தியானம் இரண்டு மணி. துளசிராமன் அவர்களைக் கடந்துபோகையில் நின்றார். "மன்னிச்சுக்கம்மா," என்றார். "நீங்க எதுக்கு சார்?" என்றாள் அவள். அவர் போன பிறகு இருவரும் ஆட்டோவில் ஏறினார்கள்.

ஊருக்கு வெளியே புளியமர நிழலில் தேசப்பன் வண்டியை ஓரங்கட்டினான். பக்கத்து வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. ஹேண்டில்பாரைத் தடவிக்கொண்டிருந்தான்.

"உள்ள உக்காந்து கேட்டுகினு இருந்தேன்," என்றான். "ஊருக்கே சொல்லிட்ட. எனக்குச் சொல்லல."

"நீ கேக்கல."

"இப்ப கேக்கறேன், கலா. அந்த ரெண்டு நாளு. மொதல்லருந்து சொல்லு. நடுவுல பேசமாட்டேன்."

அவள் வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் அவசரப்படுத்தவில்லை. ஒரு பஸ் போனது.

"மொதல்லருந்துன்னா," என்றாள் சந்திரகலா, "சனிக்கெழமை காலைல நீ போட்ட சண்டைலருந்து சொல்லணும். பரவால்லயா?"

"சொல்லு," என்றான் தேசப்பன்.