லியோனார்ட் அடுப்பு

சாந்தோமில் பிறந்து, மார்கழியிலும் மின்விசிறி இல்லாமல் தூங்காத ஒருவன் மலைவாசிகளுக்கு அடுப்பு செய்யப் புறப்பட்டால் என்ன ஆகும்? லியோனார்டைக் கேட்டால் அவனே சிரித்துக்கொண்டு சொல்லுவான். ஆனால் அன்று காலை அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜவ்வாது மலைக்கு இருநூறு அடுப்புகள் அனுப்புவதா இல்லையா என்று தேனாம்பேட்டை அலுவலகத்தில் முடிவு செய்யப்போகிறார்கள். அனுப்பினால் அதற்கு 'லியோனார்ட் அடுப்பு' என்றே பெயர் வைப்பதாக மேலதிகாரி கணேசமூர்த்தி வாக்குக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்ற அத்தனை பேரிடமும் லியோனார்ட் அதைச் சொல்லியும் ஆயிற்று.

பெட்ரோல் விலை ஏறி, ஊரே சிக்கனம் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. அவன் செய்தது நாலு பக்கமும் மூடிய மண்ணடுப்பு. புகை குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும், விறகில் பாதி மிச்சம். "ஒரு பொட்டுச் சூடு வெளியே வராது" என்று மார்தட்டிக்கொண்டான். அதைச் சோதித்துப் பார்த்தது சொந்தச் சமையலறையில், மே மாதத்தில். அடுப்படியில் எப்போதும் வியர்த்துக் கொட்டும் மனைவி லூயிசாவுக்கு அன்று வியர்க்கவில்லை. மேதைக்கு அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

இப்போது மஃப்ளர் சுற்றிக்கொண்டு தும்மினான். முந்தாநாள்தான் மலையிலிருந்து இறங்கியிருந்தான்.

"இன்னாங்க, அடுப்பு நல்லா எரியுதா?" என்று மிளகு ரசத்தை நீட்டினாள் லூயிசா.

"அது நல்லாத்தான் எரியுது. நான்தான் வெறச்சுப் பூட்டேன்."

மலையில் சோதனை அடுப்பு வைத்திருந்த வீட்டில் பூங்காவனம் என்ற பெண் கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு மூலையில் குறுகியிருந்தாள். களி வெந்தது. வீடோ இருட்டாக, சில்லென்று கிடந்தது. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். பிறகு வெட்கத்தை விட்டுக் கேட்டான்: "ஏம்மா, இங்க கொஞ்சம் நெருப்பு மூட்டலாமா?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கவிழ்த்து வைத்திருந்த சட்டியை நிமிர்த்தினாள். அடியில் சாம்பல், இன்னும் சூடு ஆறவில்லை.

"தெனம் மூட்டுறதுதாங்க. நீங்க வர்றீங்கன்னு அவிச்சுட்டோம். பாத்தா மனசு சங்கடப்படுவீங்கல்ல?"

அவன் மனசு நோகக்கூடாது என்று ஒரு குழந்தை குளிரில் கிடந்திருக்கிறது. லியோனார்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றைய அலுவலகக் கூட்டத்தில் கணேசமூர்த்தி ஆரம்பத்திலேயே பேனாவை நீட்டினார். "பாதி விறகு மிச்சம். வேற என்னய்யா வேணும்? கையெழுத்துப் போடும்."

"பக்கத்துல இன்னொரு நெருப்பு மூட்டுறாங்க சார். அதையும் சேர்த்தா முன்னைவிட அதிகமா விறகு ஆகுது. முன்பக்கம் திறந்து வெச்சு மறுபடி செய்யணும். அதுவரைக்கும் அனுப்ப வேண்டாம்."

"இவ்வளவு நல்ல அடுப்பு இருக்கும்போது, எந்த மடையன்யா இன்னொரு நெருப்பு கேட்டது?"

லியோனார்ட் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டான். ஒரு தும்மல் வந்தது. அது அடங்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நான்தான் சார்" என்றான்.