குதிகாலில் ஒட்டிய பிளாஸ்திரி

பரிசோதனைக் கூடத்தில் நாளொன்றுக்கு நாற்பது பேருக்கு ரத்தம் எடுத்து, ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி ஒட்டுவது அவள் வேலை. ஆனால் அவள் உடம்பில் பிளாஸ்திரி ஒட்டினால், பிரிக்கும்போது தோலும் சேர்ந்து உரிந்து வரும். செருப்பு வார் உரசினாலே கொப்புளம்தான். அம்மாவிடமிருந்து வந்த தோல் நோய். பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பிள்ளை பிறந்து பதினோரு நாளாகியும் கொப்புளம் இல்லை. இப்போதுதான் அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்கத் தொடங்கியிருந்தது. அன்றைக்கென்று பார்த்து, ரத்தப் பரிசோதனைக்குக் குழந்தையைத் தூக்கிப்போன புருஷன், ஊசி குத்திய அதன் குதிகாலில் பிளாஸ்திரியோடு கொண்டுவந்தான்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

"கையெழுத்து போட்டுட்டுத் திரும்பறேன், அதுக்குள்ள நர்ஸ் ஒட்டிட்டாங்க. மெதுவா பிச்சுடட்டுமா?"

"தொட்டீங்க, கொன்னுடுவேன்."

பஞ்சை எண்ணெயில் நனைத்து பிளாஸ்திரியின் ஓரத்தில் வைத்தாள். ஊறட்டும் என்று காத்திருந்தாள். குழந்தை உதைக்கும்போதெல்லாம் நழுவிய பஞ்சை மறுபடி எடுத்து வைத்தாள். எத்தனையோ கைகளில் நரம்பு தேடிப் பிடித்த விரல்கள் வெடவெடத்தன. அரை மணி நேரம் கழித்து, பிளாஸ்திரி தானாகவே வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் தோல் அப்படியே இருந்தது.

"பாத்தியா? ஒண்ணுமில்ல!" என்று அவன் சிரித்தான்.

அவளும் சிரித்துக்கொண்டே குழந்தையின் நாப்கினை மாற்றப் பிரித்தாள். இடுப்பில், எலாஸ்டிக் அழுந்திய இடத்தில், பயறு அளவுக்கு ஒரு கொப்புளம்.

"கொசு கடிச்சிருக்கும்," என்றான் அவன்.

"கொசுக்கடி இப்படி நீர் கோத்துக்காதுங்க."

அப்படியே விட்டால் கொப்புளம் பெரிதாகிப் பரவும். அவள் எழுந்து கை கழுவினாள். புது ஊசியைப் பிரித்து, கொப்புளத்தின் ஓரத்தில் குத்தி, மேல்தோல் கிழியாமல் நீரை மட்டும் ஒற்றி எடுத்தாள். விரல்களில் நடுக்கம் இல்லை. வேலை முடிந்த பிறகுதான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவன் அவள் அருகில் உட்கார்ந்தான். "எப்படித் தூக்கணும்? சொல்லிக் கொடு."

"அக்குள்ல கை வைக்காதீங்க. வாட்ச கழட்டுங்க. உள்ளங்கைய அடியில விட்டு, துணியோட சேத்துத் தூக்குங்க."

வேர்த்து விறுவிறுத்துத் தூக்கியவன் சிலையாக நின்றான்.

"மூச்சையாவது விடுங்க," என்றாள் அவள், மூக்கைச் சிந்திக்கொண்டே. பிறகு கத்திரிக்கோலை எடுத்து, மிச்சமிருந்த நாப்கின்களின் எலாஸ்டிக்கை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினாள்.