அசையாத கோளுக்கு எதிரே ஒரு ஜன்னல்

1

இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில். அட்டை கிழிந்த ஓர் அறிவியல் இதழில் படித்தேன்: பாறைக்கோள் ஒன்று வாயுப் பெருங்கோளைச் சுற்றினால், காலப்போக்கில் ஒரே முகத்தை மட்டுமே அதற்குக் காட்டும். அந்தப் பக்கத்து வானில் பெருங்கோள் உதிப்பதில்லை, மறைவதில்லை. ஒரே இடத்தில் நிற்கும். மறுபக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பார்த்ததே இல்லை.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். வலி போயிருந்தது. வேறொன்று வந்திருந்தது.

2

முதல் தொடக்கம்: 'பாதி வானத்தை அடைத்துக்கொண்டு அது—'

(வேண்டாம். அதன் நிறம் எனக்கே தெரியவில்லை.)

அடுத்தது: 'மறுபக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அன்று முதன்முதலாக—'

(கல்யாணத்தில் தொடங்கினால் சொந்தக்காரர்களையெல்லாம் உட்கார வைத்தாக வேண்டும்.)

நின்றது இதுதான்: அவள் கொத்தனாரை வரவழைத்திருந்தாள்.

3

மறுபக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அவளுக்கு ஏழாம் மாதம். படுக்கையறை ஜன்னல் முழுக்க அந்தப் பெருங்கோள் நிற்கிறது. இந்தப் பக்கத்தில் பிறக்கும் குழந்தைகளை எப்படிக் கிடத்தினாலும் முகம் அதை நோக்கியே திரும்பிவிடும் என்கிறார்கள். எதிர்வீட்டுக் குழந்தையை அவளே பார்த்தாள். பால் குடிக்கும்போதுகூட அதன் கண்கள் தாயிடம் இல்லை. தன் பிள்ளை பிறக்குமுன் ஜன்னலைச் செங்கல்* வைத்து அடைத்துவிட வேண்டும்.

"காத்து வராதேம்மா," என்றார் கொத்தனார், கலவையைக் குழைத்தபடி.

"காத்து வேண்டாம்ணே."

"வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?"

"பழகிடும்ங்கறாரு. என்கிட்ட பேசும்போதும் அவரு மூஞ்சி அந்தப் பக்கம்தான் இருக்கு."

"கல்யாணமான ஆம்பளைங்க எல்லாரும் அப்படித்தாம்மா."

அவர் சிரித்தார். ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சிரித்தார்.

*அந்தக் கோளில் செங்கல் ஏது என்று கேட்காதீர்கள். கொத்தனார் இருந்தால் செங்கலும் இருக்கும்.

4

இங்கே பல நாள் நின்றுபோனேன். அதுவரை எழுதியதை என் மனைவி படித்தாள்.

"வயித்துப் பிள்ளைக்காரிய இப்படி நிக்க வச்சிருக்கீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா? சட்டுனு அடைச்சு விடுங்க."

அடைக்கத்தான் உட்கார்ந்தேன். சுவர் ஏறியது. ஒரே ஒரு கல்லுக்கான இடைவெளி மிஞ்சியது. கொத்தனார் கடைசிக் கல்லை நீட்டினார்.

"இத நீயே வச்சிடும்மா. பயம் போயிடும்."

அவள் வாங்கிக்கொண்டு இடைவெளி வழியாகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, நான் யோசித்தே இராத ஒன்றைச் சொன்னாள்:

"அண்ணே, அது நம்மளப் பாக்குற மாதிரி இல்ல. படிக்கிற மாதிரி இருக்கு."

5

ஒரு முடிவு: கல்லை வைக்கிறாள். இருட்டில் பிறக்கும் குழந்தை தாயின் முகத்தைத் தேடுகிறது.

இன்னொரு முடிவு: கல் கை நழுவுகிறது. குழந்தை—

இல்லை. இரண்டையும் என்னால் எழுத முடியாது. எந்த முடிவானாலும் நீங்கள் படித்தால்தான் நடக்கும். படித்துக்கொண்டிருக்கும்வரை அந்த இடைவெளியில் அவளுக்குத் தெரிவது நீங்கள்தான். அவள் பாவம் என்று கண்ணை எடுத்துவிட்டாலோ, ஜன்னல் அடைபடும். ஆனால் யாரும் படிக்காத பக்கத்தில் எட்டாம் மாதம் வராது. பிள்ளை பிறக்காது.

அவள் கல்லைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள்.

நீங்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.