மூடின கத்திரி

வீட்டுல கத்திரியைத் திறந்து வெச்சா சண்டை வரும்னு சொல்லிச் சொல்லியே வளர்ந்தவ சின்னப்பாப்பா. நாப்பது வருஷமா அப்படியே பழகிப்போன கை. அரியாங்குப்பத்துலேர்ந்து பஸ் ஏறி, பாண்டி ஆஸ்பத்திரி ஒண்ணுல ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, ட்ரேயில அடுக்கி, துணியில கட்டி, ஆவியில வேகவைக்கிற வேலைக்கு வந்து அஞ்சரை மாசம் ஆச்சு. இங்க எல்லாம் தலைகீழ். கத்திரியோ இடுக்கியோ, வாயைத் திறந்தேதான் வைக்கணும். மூடினா மூட்டுக்குள்ள ஆவி போகாது, கிருமி சாகாது.

அன்னிக்கு வெள்ளிக்கிழமை. வேலை நிரந்தரமாகுமா இல்லையான்னு திங்கக்கிழமை தெரிஞ்சிடும். ஏற்கெனவே ரெண்டு தப்பு அவ பேர்ல எழுதியாச்சு. மூணாவது வந்தா வீட்டைப் பாக்கப் போகவேண்டியதுதான்.

பத்து மணிக்கு, கட்டுற துணியில பிரிஞ்சு தொங்கின நூலை நறுக்கிட்டு, கத்திரியை மூடி வெச்சா. வெச்ச கை அப்படியே நின்னுபோச்சு. அடிப்பாவி, காலையில அவசரத்துல கட்டின ட்ரேயிலயும் இதையேதானே செஞ்சேன்! அந்த ட்ரே மாடியில தியேட்டருக்குப் போயாச்சு. வைத்திக்குப்பம் ராஜவேலுக்குக் குடலிறக்க ஆபரேஷன்.

வாயைத் திறக்காட்டி ஒருத்தருக்கும் தெரியாது. ஆவி பட்டா கறுக்குற பட்டை கட்டுமேல நல்லாவே கறுத்திருந்துச்சு. தியேட்டர்ல அதைத்தான் பாப்பாங்க. வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை நாமளே உடைப்பானேன்னு மனசு கெஞ்சுச்சு. ஆனா ராஜவேல் பொண்டாட்டி வராண்டாவுல துணிப்பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்ததை அவ பாத்துத் தொலைச்சிருந்தாளே. போனை எடுத்துட்டா.

“அந்த ட்ரேயைப் பிரிக்காதீங்க. தப்பு என்னுது.”

நல்லகாலம், மயக்க ஊசி இன்னும் போடலை. வேற ட்ரே வெந்து மேல போக ஒரு மணி நேரம் ஆச்சு. இன்சார்ஜ் நிர்மலாதேவி சிஸ்டர் ஒரு வார்த்தை திட்டலை. நோட்டை எடுத்து மூணாவது தப்பை எழுதிட்டாங்க. திட்டியிருந்தாகூடத் தேவலைன்னு இருந்துச்சு சின்னப்பாப்பாவுக்கு.

மத்தியானம் ஆபரேஷன் பண்ணின டாக்டர் அலெக்சாண்டரே கீழ இறங்கி வந்தாரு. அவரு கோபத்துக்கு ஆஸ்பத்திரியே நடுங்கும். ராஜவேல் நல்லா இருக்காருன்னு முதல்ல சொன்னாரு. அப்புறம் நோட்டை வாங்கிப் படிச்சாரு.

“சிஸ்டர், பன்னண்டு வருஷமா இங்கேருந்து ட்ரே வாங்குறேன். ஒருத்தர்கூட இப்படி போன் பண்ணதில்ல. அத்தனை வருஷமும் தப்பே நடக்கலையா?”

சிஸ்டர் நோட்டைத் திருப்பி வாங்கினாங்க. மூணாவது வரிக்குப் பக்கத்துல ‘தானாகவே தெரிவித்தார்’னு எழுதினாங்க. திங்கக்கிழமை போகவேண்டிய, வேலையை நிரந்தரமாக்குற காகிதத்தை அப்பவே எடுத்துக் கையெழுத்தும் போட்டாங்க.

சின்னப்பாப்பாவுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. கையில ஈர கிளவுஸ், கண்ணைத் துடைக்கக்கூட முடியலை.