சோதனை எண்

மதியம் மூன்று இருபதுக்குக் குறுஞ்செய்தி வரிசை நின்றுபோனது. வாடகை அறையின் ஜன்னலோர மேசையில் அவன் நாலாவது முறையாகச் சர்வரை நிறுத்திக் கிளப்பினான். திரையில் அதே எண்: 312 செய்திகள் காத்திருப்பில். அவன் நிரல் எழுதிக்கொடுத்திருந்த டயாலிசிஸ் நிலையத்தில் ஓர் இயந்திரம் பழுதாகி, நாளைய நேரங்கள் எல்லாம் மாறியிருந்தன. ஐந்து மணிக்குள் செய்தி போகாவிட்டால் நோயாளிகள் பழைய நேரத்துக்கே வந்து நிற்பார்கள். சிலருக்கு அன்று இடமே கிடைக்காமல் போகலாம்.

குழுத் தலைவி போனில் வந்தார்.

"உன் கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் ஓடுதுன்னு மட்டும் சொல்லிடாதப்பா."

"அதைத்தான் மேடம் சொல்ல வந்தேன்."

"நல்லா வருவே. நேத்து ஏத்தின வெர்ஷன்ல என்ன மாத்தின?"

"பட்டன் கலர் மட்டும்தான்."

அன்று காலையிலிருந்து அவன் வாய்திறந்து பேசியது இப்போதுதான். குரல் கரகரத்தது.

பதிவுகளைக் கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டே போனான். நோயாளிகள் வருவதானால் 1 என்றோ, வராவிட்டால் 2 என்றோ பதில் அனுப்புவார்கள். வேறு எது வந்தாலும் நிரல் அதை யாரும் திறந்து பார்க்காத ஒரு பெட்டியில் போட்டுவிடும். அந்தப் பெட்டியில் ஒரு பதிலுக்கு நூறு எழுத்துதான் இடம். இன்று மதியம் வந்த ஒன்று அதைத் தாண்டியிருந்தது. உள்ளே போகாததைத் திரும்பத் திரும்பத் திணித்துப் பார்த்துக்கொண்டு, வருவதும் போவதும் ஒரே வரிசை என்பதால் பின்னால் நின்ற அத்தனையையும் மறித்திருந்தது நிரல்.

அனுப்பியவரின் எண்ணைப் பார்த்ததும் மௌஸில் இருந்த கை நின்றது. அப்பாவின் எண்.

இரண்டு வருடங்களுக்கு முன், சோதித்துப் பார்க்க ஓர் எண் தேவைப்பட்டபோது, தனக்கு மனப்பாடமாயிருந்த ஒரே எண்ணைப் போட்டிருந்தான். "புது வெர்ஷன் ஏத்தினா உங்களுக்கு ஒரு மெசேஜ் வரும்ப்பா, கண்டுக்காதீங்க" என்று சொன்னதோடு சரி. பிறகு மறந்துபோனான். 'இது சோதனைச் செய்தி' என்று போன ஒவ்வொன்றுக்கும் அப்பா பதில் எழுதியிருந்தார்.

பெட்டியைத் திறந்தான். 'சரிப்பா.' 'சாப்பிட்டேன்.' 'குழாய் ஒழுகல் நின்னுடுச்சு.' 'வலது கண் மங்கல்.' கடைசியாக, வழியில் மாட்டிக்கொண்டிருந்த அந்த ஒன்று:

'கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுடா. உனக்கு வேலை இருக்கும்னு சொல்லலை. இன்னைக்குக் கட்டுப் பிரிச்சாங்க. எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரியுது, அதான் இவ்வளவு நீளமா எழுதறேன். நீ அதே ரூம்லதான் இருக்கியா?'

"கண்டுபிடிச்சியா?" என்றார் தலைவி.

"ஒரே ஒரு பதில்தான் மேடம் அடைச்சிருக்கு. நம்ம டெஸ்ட் நம்பர்லேர்ந்து."

"யாரோட நம்பர் அது?"

"எங்கப்பாவோடது."

"அதை அழிச்சிட்டு வரிசையை விடுப்பா. நம்பரையும் எடுத்துடு."

மேசையில் கிடந்த ஒரு பழைய உறையின் பின்புறம் அந்தப் பதிலை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டான். பிறகு அழித்தான். நிரலில் அந்த எண் இருந்த வரியையும் நீக்கினான். மணி நாலு நாற்பது. 311, 310, 309 என்று வரிசை நகர ஆரம்பித்தது.

போனை எடுத்தான். பெயரைத் தேடாமல் விரல் தானாகவே பத்து இலக்கங்களையும் அழுத்தியது. காதில் மணி போய்க்கொண்டேயிருந்தது. திரையில் எண் தொண்ணூறுக்கு இறங்கியிருந்தது.