மூன்று எண்ணும் வரை நின்றவர்

"இந்தப் பொட்டியிலயும் இல்லீங்க அண்ணி" என்று சொல்லிக்கொண்டே துரைராஜ் ஐந்தாவது அட்டைப்பெட்டியையும் தரையில் கவிழ்த்தான்.

ஸ்டுடியோ முழுக்க முகங்கள் சிதறிக் கிடந்தன. மைன்ஸ் அடையாள அட்டைக்கு எடுத்தவை, காதுகுத்து, வளைகாப்பு, பள்ளிக்கூட ஆண்டுவிழா, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த பெண்கள். இருபது வருஷமாக நெய்வேலியில் ஷிப்டுக்குப் போய்வந்த பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். அவர்களையெல்லாம் எடுத்த சக்கரபாணி மட்டும் எந்தப் பெட்டியிலும் இல்லை. அவர் பின்னறையில் பெஞ்சின் மேல், புது வேட்டியில், கால் கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டுப் படுத்திருந்தார். விடிகாலையில் பால் வாங்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். ஆள் அனுப்பி டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

தலைமாட்டில் கனகம் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அழுவதற்கென்று வந்த அண்டை வீட்டுப் பெண்கள் நான்கு பேர், அழுது முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தார்கள்.

"கல்யாணப் போட்டோகூடவா இல்ல?" என்றான் துரைராஜ். சேதி கேட்டுத் திருவதிகையிலிருந்து பஸ்ஸில் ஓடிவந்தவன். சக்கரபாணியின் ஒரே தம்பி. கொள்ளி வைக்க வேண்டியவனும் அவன்தான்.

"கல்யாணத்துக்கு வந்ததே ஒரு கேமராதான். அதுவும் மாப்பிள்ளை தோள்ல தொங்கிக்கினு இருந்துச்சு" என்றாள் கனகம்.

அது உண்மைதான். திருவதிகைக் கோயிலில் தாலி கட்டின கையோடு மாலையைக் கழற்றி யாரிடமோ கொடுத்துவிட்டு, வந்த சனத்தையெல்லாம் வரிசையாக நிறுத்திப் படம் பிடித்தார். மணப்பெண்ணை மட்டும் தனியாக ஆறு படம். நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணா எடுத்துக்கலாம் என்று அவள் கேட்டபோதெல்லாம், "ஸ்டுடியோ வெச்சிருக்கறவனுக்கு என்ன அவசரம்? நாளைக்கு எடுத்துக்கலாம்" என்பார். அந்த நாளைக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது.

"அப்ப வடலூர்லேர்ந்து ஒரு போட்டோக்காரரக் கூட்டியாரேன். அண்ணனச் சேர்ல உக்கார வெச்சு, நீங்க பக்கத்துல நின்னு ஒண்ணு எடுத்துடலாம். நாலு மணிக்குத்தான அண்ணனத் தூக்கறோம்."

"வேணாம் துரை."

"பதினாறாம் நாள் காரியத்துக்கு என்னத்தை அண்ணி வெச்சுக் கும்பிடறது?"

கனகம் அவருடைய மூடின இமைகளைப் பார்த்தாள். பிணத்தை உட்காரவைத்து எடுத்த படங்களுக்குக் கண் எழுதுவது இத்தனை வருஷமாக அவளுடைய வேலை. மூடின இமையின் மேல் மெல்லிய தூரிகையால் கருவிழி வைத்து, அதில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி வைத்தால் செத்தவர் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஊரார் வீட்டுப் பிணங்கள் எத்தனைக்கோ கண் எழுதியிருக்கிறாள். இவருக்கு எழுத அவளால் முடியாது. எழுதினால் அது அவள் எழுதின கண்ணாகத்தான் இருக்கும், அவருடையதாக இருக்காது.

ஆனால் படம் இல்லாமலும் முடியாது என்பது அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆள் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் கழித்து வீட்டார் வருவார்கள். பழைய படத்தில் சின்னதாக, மங்கலாக இருப்பவரைப் பெரிதாக்கித் தரச் சொல்வார்கள். மூக்கு எப்படி இருக்கும் என்று கேட்டால் மனைவி ஒன்று சொல்வாள், மகன் ஒன்று சொல்வான். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள் மூக்கைச் சொல்லத் தெரியாமல் அதே பெஞ்சில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். படம் இல்லாத முகம் ஒரு வருஷம் தாங்காது. இவருடைய முகமும் போய்விடும். அந்தப் பயத்தில் காலையிலிருந்து அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு படம் இருந்தது. அதை எடுத்தவளே அவள்தான்.

"துரை, பதினாறாம் பிளாக்ல பேச்சியம்மான்னு கேளு. பம்ப் ஆபரேட்டர் வூடு. அவங்க வூட்ல உங்க அண்ணன் எடுத்துக் குடுத்த படம் ஒண்ணு இருக்கு. அதை ஒருதரம் பாக்கணும்னு நான் கேட்டேன்னு சொல்லு."

துரைராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் அண்ணனுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் பேச்சியம்மாளின் மகன் வேலுமணி மஞ்சள்காமாலையில் செத்துப்போனான். பத்தொன்பது வயது. மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டு, பர்மனென்ட் ஆகிவிடும் ஆகிவிடும் என்று காத்திருந்தவன். அவனுக்குப் படமே கிடையாது. அந்த அம்மாள் ஏதோ பத்திரிகையிலிருந்து கிழித்த தாளை மடியில் கட்டிக்கொண்டு தினமும் ஸ்டுடியோவுக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள். தாளில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி உட்கார்ந்திருந்தாள், அவள் பின்னால் புகை மாதிரி ஒரு ஆள். "இவுகளுக்கு வந்துருக்கு. எம் மவனும் வருவாம்லா?" என்பதுதான் கேள்வி. சாப்பிடுகிறாளா என்று கேட்டால் பதில் வராது. கன்னம் நாளுக்கு நாள் ஒட்டிப்போயிற்று.

சக்கரபாணி அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அவள் போனபிறகு சிரித்தார். "ரெண்டு நெகட்டிவை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சிருக்கான். பாரு, சீமாட்டிக்கு வெளிச்சம் இடது பக்கத்துலேர்ந்து வருது, பேய்க்கு வலது பக்கத்துலேர்ந்து. இவன் சரியான அரைவேக்காடு. அதே ரூம்ல, அதே வெளிச்சத்துல ஒருத்தன் நின்னுட்டு, பாதியில நகந்துட்டான்னு வெச்சுக்க. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

நாலு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் ஸ்டாண்டு கேமராவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கனகத்தையும் கூட்டிக்கொண்டு பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனார். முன்னறையில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தார். "கண்ண மூடிக்கிட்டுப் புள்ளைய நெனச்சுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு ஓசைப்படாமல் போய் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். வெள்ளைச் சட்டை, யார் சட்டையாகவும் இருக்கலாம். கனகம் லென்ஸ் மூடியை எடுத்துவிட்டு மனதுக்குள் எண்ணினாள். மூன்று வரை நின்றார். அடையாளம் தெரியக் கூடாதென்று முகத்தை மட்டும் லேசாக அசைத்தார். மூன்றில் பக்கவாட்டில் நழுவினார். எட்டில் அவள் மூடினாள்.

படத்தில் அவர் மார்புக்குள் சுவர் தெரிந்தது. மூக்கும் வாயும் கலங்கிப்போயிருந்தன. நெற்றியும் ஒரு காதும் மட்டும் நின்றன. கேமராப் பையைச் சுமந்து சுமந்து இறங்கிப்போன தோள் தெரிந்தது. நாற்காலியைப் பிடித்திருந்த வலது கையில் பளிச்சென்று வாட்ச். இடது கை எந்நேரமும் படம் கழுவும் மருந்துத் தொட்டியில் இருந்ததால் அவர் வாட்சை வலதில்தான் கட்டுவார். கழற்ற மறந்துவிட்டார்.

"ஐயய்யோ, வாட்சு!" என்று கனகம் தலையில் கைவைத்தாள்.

"பேய்க்கும் ஷிப்டு டயம் தெரியணுமில்ல?" என்று சிரித்தார். அதை அழிப்பதற்காக அவள் தூரிகையைத் தேடிக்கொண்டிருந்தபோதே பேச்சியம்மாள் வந்து நின்றுவிட்டாள். ஈரப் படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் அவள் முகம் மலர்ந்தது.

"வாட்சு கட்டிருக்காம்லா! அங்கன போயி வேலை கெடச்சிட்டு எம் மவனுக்கு. பர்மனென்ட் ஆயிட்டான்!"

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாளாம். அதன் பிறகு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பிரதி கேட்டபோது சக்கரபாணி பயந்துவிட்டார். யாராவது உற்றுப் பார்த்துவிட்டால்? கண்ணாடி நெகட்டிவை உடைத்துப் போட்டுவிட்டு, "இதைத் திரும்பப் படம் புடிச்சா அவன் போயிடுவாம்மா" என்று ஒரேயடியாகச் சொல்லி வைத்தார். அன்றிலிருந்து கேமரா இருக்கிற பக்கமே அவள் அந்தப் படத்தைக் கொண்டுவந்ததில்லை.

இன்று கொண்டுவந்தாள். மூன்றரை மணி இருக்கும். துரைராஜின் பின்னால், துண்டில் சுற்றி மார்போடு அணைத்தபடி வந்தவள், ஸ்டுடியோவில் நின்ற கேமராவைக் கடக்கும்போது துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள். உள்ளே வந்து கனகத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அய்யா எடுத்ததுலயே பெரிய படம் இதாம்லா, தாயி. அதான் கடைசியா ஒருக்கா அவருகிட்டயே காட்டணும்னு ஒனக்குத் தோணிருக்கு. பாத்துக்கோ."

கனகம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எட்டு வருஷமாக அவள் பார்க்காத படம். கண்ணாடிக்குள், கண்ணை மூடிய பேச்சியம்மாளுக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். அந்த நெற்றி, அந்தக் காது, அந்தத் தோள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. திருப்பித் தரமாட்டேன் என்று நினைத்தாள். இது எங்க வூட்டுக்காரரு. இதைச் சொல்லிவிட்டால் போதும். சொல்லிவிட வேண்டும், இப்போதே.

வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மாள் படத்தை வாங்கிக்கொண்டாள். சக்கரபாணியின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பிணத்திடம் பேசவில்லை, படத்திடம் பேசினாள்.

"ஏலே வேலு, அய்யா வாராருடே. அவருக்கு அங்கன யாரையும் தெரியாது. நீ முன்னால வந்து நில்லு. உத்தியோகத்துல இருக்கவன், நாலு பேரத் தெரியும்லா ஒனக்கு. அய்யாவுக்கு நல்ல குவார்ட்டர்ஸா ஒண்ணு பாத்துக் குடு. தனியா விட்ராதடே."

சுவரோரப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். "வாட்சப் பாத்தியளா?" என்று பேச்சியம்மாள் அவர்களுக்கும் படத்தைக் காட்டினாள். துரைராஜும் குனிந்து பார்த்தான். அவன் சட்டைப்பையில் காலையில் குளிப்பாட்டும்போது அண்ணன் கையிலிருந்து கழற்றின வாட்ச் இருந்தது. அவன் படத்தைப் பார்த்தான், பெஞ்சைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான்.

"அண்ணி... இது..."

"என்னய்யா?" என்றாள் பேச்சியம்மாள்.

"அவங்க புள்ள, துரை" என்றாள் கனகம். "வேலுமணின்னு பேரு. மஞ்சக்காமாலையில போயிட்டான்."

துரைராஜ் நிமிர்ந்து அண்ணியின் முகத்தைப் பார்த்தான். பிறகு வெளியே போய்ப் பாடை கட்டுகிறவர்களோடு நின்றுகொண்டான்.

நாலே காலுக்கு எடுத்தார்கள். வாய்க்கரிசி போட்டாயிற்று, கோடி போட்டாயிற்று. பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போகலாம். அங்கே பாடை சுடுகாட்டுப் பக்கம் திரும்பியது. பறையும் சங்கும் அந்தப் பக்கம் போயின.

"நா வாரேன் தாயி. இவன வெளக்கு வைக்க முன்னால கொண்டு போயி மாட்டணும். செவுரு மூளியா இருக்கும்" என்று பேச்சியம்மாள் துண்டைச் சரியாகச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தாள்.

கனகம் அவள் போகிற பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டுப் பெண் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "இந்தப் பக்கம் பாரும்மா. இனிமே எங்க பாக்கப் போற, நல்லா பாத்துக்க." இன்னொருத்தி மோவாயைப் பிடித்துப் பாடையின் பக்கம் திருப்பிவிட்டாள். பிடி விட்டதும் கனகம் மறுபடியும் அந்தப் பக்கமே திரும்பினாள்.

பாவம், இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். தூரத்தில், ஷிப்டு முடிந்து வந்த பஸ் போகட்டும் என்று பேச்சியம்மாள் ரோட்டோரம் நின்றாள். பஸ் போனது. துண்டு சுற்றிய படத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு அவள் ரோட்டைக் கடந்தாள்.